பஃபர் பிஎச் கணக்கு: மோல் முதலில், லாக் கடைசியில்

பஃபர் கணக்கில் மார்க் போகிற இடம் லாக் இல்லை. லாக் பார்க்கத் தெரியாதவர்கள் குறைவு. மார்க் போவது அதற்கு முன்னால்தான், எந்த எண்ணை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது, அது கேள்வியில் கொடுத்த எண்தானா இல்லை வினை நடந்து முடிந்தபின் மிஞ்சியதா என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் ஹென்டர்சன் சமன்பாட்டுக்குள் கொட்டிவிடுகிற அந்த அரை நிமிடத்தில். அதனால் சமன்பாட்டை விட, அதற்குள் போகப்போகிற எண்களைத் தயார் செய்வதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். பிளஸ் டூ, பி.எஸ்சி. படிக்கிறவர்களுக்குத்தான் முதல் பாதி. பின்பாதி, சேலத்தில் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் சாயத் தொட்டியில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்துவிட்டு "கணக்குப்படிதானே போட்டோம், ஏன் வரவில்லை" என்று கேட்கிறவர்களுக்கும் உதவும்.

முதலில் அடிப்படை, சுருக்கமாக. வலிமை குறைந்த அமிலம் ஒன்று (அசிட்டிக் அமிலம் என்று வைத்துக்கொள்வோம்), அதோடு அதே அமிலத்தின் உப்பு ஒன்று (சோடியம் அசிட்டேட்), இரண்டும் ஒரே கரைசலில் கணிசமான அளவில் இருந்தால் அது அமிலத் தாங்கல் கரைசல். ஆய்வகத்தில் எல்லோரும் பஃபர் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். வெளியிலிருந்து கொஞ்சம் அமிலம் வந்தால் அசிட்டேட் அதைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் காரம் வந்தால் அசிட்டிக் அமிலம் அதைத் தீர்த்துவிடும், அதனால் பிஎச் பெரிதாக நகராது. பொது அயனி விளைவால், உப்பிலிருந்து வரும் அசிட்டேட் அமிலத்தைப் பிரியவிடாமல் அமுக்கிவைக்கிறது. இது முக்கியம். அமிலம் பிரிவது ரொம்பக் குறைவு என்பதால்தான், நாம் போட்ட அமிலத்தின் அளவையே கரைசலில் இருக்கும் அமிலத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ள முடிகிறது.

சமன்பாடு வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதை மறக்க மாட்டீர்கள். 1908இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹென்டர்சன் இரத்தத்தில் கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும்போது எழுதியது லாக் இல்லாத வடிவம்:

ஹைட்ரஜன் அயனிச் செறிவு = கேஏ × (அமிலம் ÷ உப்பு)

கேஏ என்பது அமிலத்தின் பிரிகை மாறிலி. அடுத்த ஆண்டே, 1909இல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்தார். 1916இல் டென்மார்க்கின் ஹேசல்பல்க் இரண்டையும் சேர்த்து, இருபுறமும் லாக் எடுத்துக் குறியை மாற்றினார்:

பிஎச் = பிகேஏ + லாக் (உப்பு ÷ அமிலம்)

பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாக்கைக் குறி மாற்றி எழுதியது, பிகேஏ என்பது கேஏவுக்கு அதேபோல. கவனியுங்கள், லாக் இல்லாத வடிவத்தில் அமிலம் மேலே இருக்கிறது. லாக் வடிவத்தில் உப்பு மேலே இருக்கிறது. குறி மாறியபோது பின்னம் தலைகீழானது, அவ்வளவுதான். இதை மாற்றிப்போட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, கணக்கைத் தொடங்கும் முன்பே விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று எழுதிவைத்துவிடுங்கள். அமிலம் அதிகமா, பிஎச் பிகேஏவுக்குக் கீழே. உப்பு அதிகமா, மேலே. இரண்டும் சமமா, பிஎச்சும் பிகேஏவும் ஒன்றே. கடைசியில் வந்த எண் இதோடு ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ மேலது கீழாகியிருக்கிறது.

சரி, சின்னதாக ஒன்று. 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் 0.2 மோலார் சோடியம் அசிட்டேட்டும் உள்ள கரைசல். அசிட்டிக் அமிலத்தின் கேஏ 1.8 × 10⁻⁵ என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். பிகேஏ = 5 − லாக் 1.8 = 5 − 0.26 = 4.74. உப்பு இரண்டு மடங்கு, ஆக விடை 4.74க்கு மேலே. லாக் 2 = 0.30. பிஎச் 5.04. முடிந்தது.

இந்த இடத்தில் லாக் பற்றி ஒரு வார்த்தை. நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, லாக் அட்டவணையும் கிடையாது. மூன்று எண்கள் மனதில் இருந்தால் போதும்: லாக் 2 = 0.30, லாக் 3 = 0.48, லாக் 7 = 0.85. மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். 5 என்பது 10ஐ 2ஆல் வகுத்தது, ஆக 1 − 0.30 = 0.70. 1.8 என்பது 2 × 3 × 3 ÷ 10, ஆக 0.30 + 0.48 + 0.48 − 1 = 0.26. பின்னம் வந்தால் மேலே உள்ளதன் லாக்கிலிருந்து கீழே உள்ளதன் லாக்கைக் கழியுங்கள். விடைகளில் இரண்டாம் தசமத்தில் ஒன்று கூடுதல் குறைவு வரும், நான்கு விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது பெரும்பாலும் தடையாக இருக்காது.

இரண்டு கரைசலைக் கலக்கும்போது

இப்போது கேள்வி கொஞ்சம் மாறுகிறது. 0.2 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மில்லி, 0.3 மோலார் சோடியம் அசிட்டேட் 50 மில்லி, இரண்டையும் கலந்தால் பிஎச் என்ன?

0.3ஐயும் 0.2ஐயும் அப்படியே போட்டால் உப்பு அதிகம் என்று வரும். அது தவறு. கலந்தபின் இரண்டுமே 150 மில்லிக்குள் இருக்கின்றன, செறிவு இரண்டுக்கும் மாறிவிட்டது. புதுச் செறிவைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் தேவையில்லை. இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருப்பதால் மேலேயும் கீழேயும் ஒரே கனஅளவால் வகுபடும், வெட்டுப்பட்டுப் போய்விடும். மோல் விகிதம் போதும். மோலாரிட்டியை மில்லிலிட்டரால் பெருக்கினால் நேராக மில்லிமோல் கிடைக்கும்:

அமிலம்: 0.2 × 100 = 20 மில்லிமோல்
உப்பு: 0.3 × 50 = 15 மில்லிமோல்

அமிலம்தான் அதிகம், விடை 4.74க்குக் கீழே. விகிதம் 15 ÷ 20, அதாவது 3 ÷ 4. லாக் 3 − லாக் 4 = 0.48 − 0.60 = −0.12. பிஎச் 4.62.

மோல் விகிதம் போதும் என்பதாலேயே பஃபரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் பிஎச் மாறாது என்கிறோம். கணக்கில் மாறாது, மீட்டரில் லேசாக மாறும், ஏன் என்று பிறகு.

வலிமையான அமிலமோ காரமோ உள்ளே வந்தால்

தேர்வில் மார்க் பறிபோகும் பகுதி இதுதான், இங்கே மெதுவாகப் போவோம்.

0.2 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 40 மில்லி சேர்க்கிறோம். கேள்வியில் உப்பு என்ற பேச்சே இல்லை. இது பஃபரா? ஆமாம். ஹைட்ராக்சைடு வலிமையான காரம், அது அமிலத்தோடு பாதியில் நிற்காது, தான் தீரும்வரை வினைபுரியும். தீர்ந்துபோன ஒவ்வொரு மோல் காரத்துக்கும் ஒரு மோல் அமிலம் குறையும், ஒரு மோல் அசிட்டேட் பிறக்கும். இதற்கு நான் எப்போதும் மூன்று வரி எழுதச் சொல்வேன், பரீட்சைத் தாளிலும் சரி, ஆய்வக நோட்டிலும் சரி:

தொடக்கத்தில்: அமிலம் 20, காரம் 8, உப்பு 0
வினையில்: அமிலம் 8 குறைகிறது, காரம் 8 குறைகிறது, உப்பு 8 கூடுகிறது
மிஞ்சியது: அமிலம் 12, காரம் 0, உப்பு 8

எல்லாம் மில்லிமோலில். சமன்பாட்டுக்குள் போகவேண்டியது மூன்றாம் வரி மட்டும்தான். 8 ÷ 12 என்றால் 2 ÷ 3, லாக் 0.30 − 0.48 = −0.18, பிஎச் 4.56. முதல் வரி எண்களைப் போட்டு, காரத்தின் 8ஐயே உப்பாக எடுத்தவர்களுக்கு உப்பு 8, அமிலம் 20 என்று வரும், விடை 4.34. இந்த 4.34 பெரும்பாலும் விடைப் பட்டியலில் ஒரு விருப்பமாக உங்களுக்காகவே காத்துக்கொண்டிருக்கும்.

மறுபக்கமும் இதேதான். அமிலமும் உப்பும் தலா 50 மில்லிமோல் உள்ள அரை லிட்டர் பஃபரில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி ஊற்றுகிறீர்கள். 10 மில்லிமோல் வலிமையான அமிலம் வந்தது, அது அசிட்டேட்டைப் பிடித்து அசிட்டிக் அமிலமாக்கும். உப்பு 40, அமிலம் 60. மறுபடியும் 2 ÷ 3, பிஎச் 4.74இலிருந்து 4.56க்கு வந்தது. அதே 10 மில்லியை அரை லிட்டர் வெறும் தண்ணீரில் ஊற்றியிருந்தால் 10 மில்லிமோல் 510 மில்லியில், பிஎச் 7இலிருந்து 1.7க்கு விழுந்திருக்கும். பஃபர் என்ன செய்கிறது என்பதை இந்த இரண்டு எண்களை விட நன்றாக எந்த வரையறையும் சொல்லாது.

மூன்றாம் வரியில் அமிலமோ உப்போ பூஜ்யமாகிவிட்டால் அங்கே பஃபர் இல்லை. சமன்பாட்டைத் தொடவே கூடாது. மேலே உள்ள அமிலத்தில் காரத்தை 40 மில்லிக்குப் பதிலாக 100 மில்லி சேர்த்தால் அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீர்ந்துபோய் உப்பு மட்டும் 20 மில்லிமோல், 200 மில்லியில், அதாவது 0.1 மோலார் நிற்கும். அப்போது உப்பின் நீராற்பகுப்புக் கணக்கு: பிஎச் = 7 + பிகேஏவில் பாதி + லாக் செறிவில் பாதி = 7 + 2.37 − 0.5 = 8.87. காரமே சேர்க்காமல் 0.2 மோலார் அமிலம் மட்டும் இருந்தால் பிஎச் = பிகேஏவிலிருந்து லாக் செறிவைக் கழித்து அதில் பாதி = (4.74 + 0.70) ÷ 2 = 2.72. காரம் மிஞ்சிவிட்டால் இன்னும் எளிது, மிஞ்சிய காரத்தின் செறிவை வைத்து நேராக. இங்கெல்லாம் கனஅளவு வெட்டுப்படாது, மொத்த மில்லிலிட்டரால் வகுத்தாக வேண்டும்.

தேவையான பிஎச்சுக்கு பஃபர் தயாரிப்பது

இதுவரை எல்லாம் காகிதத்தில். இனி தொட்டியில்.

சேலத்தில் பட்டு நெசவு இருக்கிற தெருக்களில் சாயம் ஏற்றுவதும் இருக்கும். பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றும்போது தொட்டியின் பிஎச்சைக் குறைத்துவைக்க அசிட்டிக் அமிலம் போடுவது வழக்கம். வெறும் அமிலத்தை மட்டும் கண்ணளவில் ஊற்றினால் பிஎச் அங்கும் இங்கும் ஆடும், நிறமும் ஒரு ஈடு போல இன்னொரு ஈடு வராது. பஃபராகப் போட்டால் நிற்கும். 20 லிட்டர் தொட்டி, பிஎச் 4.5 வேண்டும், அமிலமும் உப்பும் சேர்ந்து மொத்தம் 0.05 மோலார் என்று வைத்துக்கொண்டு தலைகீழாகக் கணக்குப் போடுவோம்.

4.5 − 4.74 = −0.24. லாக் −0.24 என்றால் உப்பு ÷ அமிலம் = 0.575. அமிலம் 1 பங்கு என்றால் உப்பு 0.575 பங்கு, மொத்தம் 1.575 பங்கு. தொட்டியில் மொத்த மோல் 0.05 × 20 = 1. ஆக உப்பு 0.575 ÷ 1.575 = 0.365 மோல், அமிலம் மிச்சம் 0.635 மோல்.

இதை எடையாக மாற்றும்போதுதான் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். சோடியம் அசிட்டேட் இரண்டு விதமாக விற்கிறார்கள். நீரற்றது ஒரு மோல் 82 கிராம், மூன்று நீர் மூலக்கூறோடு படிகமாக இருப்பது 136 கிராம். படிக உப்பு என்றால் 0.365 × 136 = சுமார் 49.6 கிராம். நீரற்றது என்றால் 29.9 கிராம். கிளேசியல் அசிட்டிக் அமிலம் 0.635 × 60 = 38.1 கிராம், அடர்த்தி 1.05 என்பதால் சுமார் 36 மில்லி.

உப்பின் வகையை மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? நீரற்ற உப்பு கையில் இருக்க, படிக உப்புக்கான 49.6 கிராமை நிறுத்துப் போட்டால் உப்பு 0.605 மோல் ஆகிவிடும், பிஎச் 4.72. படிக உப்பில் 29.9 கிராம் மட்டும் போட்டால் 0.22 மோல்தான், பிஎச் 4.28. இரண்டு பக்கமும் கால் புள்ளிக்கு நெருக்கமாக வித்தியாசம், காரணம் லேபிளில் இருந்த ஒரே ஒரு வரி.

அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள். மூக்கையும் கண்ணையும் எரிக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள், கையுறை போடுங்கள்.

ஏற்காட்டில் இருந்து இதைச் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறையும். கீழே சேலத்தில் இதைப் பார்ப்பது அபூர்வம், ஆனால் மார்கழியில் மலைமேல் இரவில் வெப்பநிலை அதற்குக் கீழே போகும், காலையில் பாட்டிலுக்குள் பாதி பனிக்கட்டி போல நிற்கும். மேலே உள்ள திரவத்தை மட்டும் ஊற்றி அளக்காதீர்கள். அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால் அது உறையாத பகுதியில்தான் சேரும், நீங்கள் ஊற்றுவது கணக்கில் உள்ளதை விட நீர்த்த அமிலமாக இருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவைத்து முழுவதும் உருகியபின் கலக்கி எடுங்கள். அடுப்பில் காட்டாதீர்கள், அதன் ஆவி தீப்பற்றும். மற்றபடி மலை உயரத்தால் பஃபரின் பிஎச் மாறாது. குளிராலும் அசிட்டேட் பஃபரில் பெரிய வித்தியாசம் வராது, அதன் பிகேஏ வெப்பநிலைக்கு அவ்வளவாக அசையாது.

போர் தண்ணீர் செய்கிற வேலை

மேலே போட்ட தொட்டிக் கணக்கு காய்ச்சிவடித்த தண்ணீருக்கு. சாயப்பட்டறையில் யாரும் 20 லிட்டர் காய்ச்சிவடித்த தண்ணீரை ஊற்றப்போவதில்லை. மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர் கிடைக்கும், இல்லை என்றால் போர். ஊருக்கும் சேர்வராயன் மலை அடிவாரத்துக்கும் நடுவில் மேக்னசைட் வெட்டி எடுக்கிற மண் இது, மேக்னசைட் என்பதே மெக்னீசியம் கார்பனேட். போர் தண்ணீரின் கடினத்தன்மையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பிஎச் கணக்குக்கு அது முக்கியமில்லை. முக்கியம் காரத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட். தண்ணீர் பரிசோதனை அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கும்.

உதாரணத்துக்குக் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் அளவில், என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை 50ஆல் வகுத்தால் லிட்டருக்கு 6 மில்லிமோல் பைகார்பனேட். 20 லிட்டரில் 120 மில்லிமோல், அதாவது 0.12 மோல். பைகார்பனேட்டும் ஒரு காரம்தான், பிஎச் 4.5 வாக்கில் அது கிட்டத்தட்ட முழுவதும் அசிட்டிக் அமிலத்தோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாகக் குமிழ்விட்டு வெளியேறும். மறுபடியும் அதே மூன்று வரி:

தொடக்கத்தில்: அமிலம் 0.635, பைகார்பனேட் 0.12, உப்பு 0.365
வினையில்: அமிலம் 0.12 குறைகிறது, பைகார்பனேட் 0.12 குறைகிறது, உப்பு 0.12 கூடுகிறது
மிஞ்சியது: அமிலம் 0.515, பைகார்பனேட் 0, உப்பு 0.485

விகிதம் 0.94, பிஎச் 4.71. கணக்கு 4.5 என்றது, தொட்டி 4.7 என்கிறது. யாரும் தப்பாக நிறுக்கவில்லை. தண்ணீருக்குள் இருந்த காரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். சரிசெய்வதும் எளிது, தண்ணீர் தின்னப்போகிற 0.12 மோல் அமிலத்தை முன்கூட்டியே கூடுதலாக ஊற்றி, அதனால் பிறக்கப்போகிற 0.12 மோல் அசிட்டேட்டை உப்பிலிருந்து குறைத்துவிடுங்கள். அமிலம் 0.755 மோல், உப்பு 0.245 மோல். சோடியம் அசிட்டேட் செலவும் மிச்சம்.

செலவைக் குறைக்கலாம் என்று மொத்தச் செறிவைப் பத்தில் ஒரு பங்காக்கி 0.005 மோலாரில் போட்டால்? காய்ச்சிவடித்த தண்ணீரில் பிஎச் கிட்டத்தட்ட அதே 4.5தான் வரும், விகிதம் மாறவில்லையே. ஆனால் இந்தப் போர் தண்ணீரில் அமிலம் மொத்தமே 0.0635 மோல், பைகார்பனேட் 0.12. அமிலம் முழுக்கத் தீர்ந்து பைகார்பனேட் பாதிக்குப் பாதி மிஞ்சும். இப்போது கரைசலை ஆள்வது அசிட்டேட் இல்லை, கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும். பிஎச் 6.3 பக்கம் போய், கார்பன் டைஆக்சைடு வெளியேற வெளியேற இன்னும் ஏறும். தாங்கல் திறன் என்று புத்தகத்தில் வருவது இதைத்தான். விகிதம் பிஎச்சைத் தீர்மானிக்கும், அந்த பிஎச் எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதை மோல் எண்ணிக்கை தீர்மானிக்கும்.

எந்த அமிலத்தை எடுப்பது

வேண்டிய பிஎச்சுக்குப் பக்கத்தில் பிகேஏ உள்ள அமிலத்தை எடுங்கள், மேலேயோ கீழேயோ ஒரு புள்ளிக்குள். ஒரு புள்ளி என்றால் விகிதம் பத்து மடங்கு, அதற்கு மேல் போனால் ஒரு பக்கம் பேருக்குத்தான் இருக்கும். ஃபார்மிக் 3.75, லாக்டிக் 3.86, அசிட்டிக் 4.74, டைஹைட்ரஜன் பாஸ்பேட் 7.20.

சிட்ரிக் அமிலம் கொஞ்சம் விவகாரமானது. ஏற்காட்டு ஆரஞ்சில் ஜாமோ மார்மலேடோ போடுகிறவர்களுக்கு பெக்டின் பிடிக்க பிஎச் 3.2 வாக்கில் வேண்டும், அதற்கு சிட்ரிக் அமிலமும் சோடியம் சிட்ரேட்டும் சேர்ப்பார்கள். சிட்ரிக் அமிலம் மூன்று ஹைட்ரஜனை விடும், பிகேஏ 3.13, 4.76, 6.40. பிஎச் 3.2 என்றால் முதல் படி மட்டும் போதும்: லாக் 0.07, விகிதம் 1.17. மொத்தம் 100 மில்லிமோல் சிட்ரேட் என்றால் ஒரு ஹைட்ரஜன் போனது 54, எதுவும் போகாதது 46. ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ட்ரைசோடியம் சிட்ரேட், மூன்று ஹைட்ரஜனும் போன உப்பு. அதில் ஒரு மோல், சிட்ரிக் அமிலம் இரண்டு மோலோடு சேர்ந்து, நமக்கு வேண்டிய ஒற்றைச் சோடிய வடிவத்தில் மூன்று மோல் கொடுக்கும். ஆக 54க்கு ட்ரைசோடியம் சிட்ரேட் 18 மில்லிமோல் போதும், சிட்ரிக் அமிலம் 36 + 46 = 82 மில்லிமோல். 54 மில்லிமோலை அப்படியே ட்ரைசோடியமாகப் போட்டால் பிஎச் எங்கேயோ போய்விடும். பழத்துக்குள்ளேயே அமிலமும் உப்புகளும் இருப்பதால் ஜாமில் இந்தக் கணக்கு எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்லும், முடிவு மீட்டரிடம்.

சிட்ரிக் அமிலத்தை வைத்து பிஎச் 4 வாக்கில் பஃபர் போடும்போது முதல் படியும் இரண்டாம் படியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், ஒற்றைச் சமன்பாடு சரியாக வராது. பாஸ்பாரிக் அமிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதன் பிகேஏக்கள் 2.15, 7.20, 12.35 என்று தள்ளித்தள்ளி இருக்கின்றன, அந்தந்த இடத்துக்கு அந்தந்தப் படியை மட்டும் பார்த்தால் போதும்.

சமன்பாடு பொய் சொல்லும் இடங்கள்

அமிலம் அவ்வளவு பலவீனமாக இல்லாமல், கரைசலும் நீர்த்திருந்தால் ஹென்டர்சனை நம்பாதீர்கள். குளோரோஅசிட்டிக் அமிலம், கேஏ 1.4 × 10⁻³. அமிலமும் உப்பும் தலா 0.01 மோலார். சமன்பாடு பிஎச் 2.85 என்னும். ஆனால் 2.85 என்றால் ஹைட்ரஜன் அயனி 0.0014 மோலார், அது நாம் போட்ட 0.01இல் ஏழில் ஒரு பங்கு! அமிலம் பிரிவது ரொம்பக் குறைவு என்று முதலில் வைத்துக்கொண்டது இங்கே செல்லாது. பிரிந்த அளவை மேலே கூட்டி, கீழே கழித்து இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் 2.95 வரும். சோதித்துப் பார்க்க எளிய வழி, கிடைத்த விடையிலிருந்து ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் கண்டுபிடியுங்கள், அது அமிலம், உப்பு இரண்டின் செறிவிலும் நூற்றில் ஐந்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். இந்தச் சோதனைக்கு மோல் விகிதம் போதாது, உண்மையான செறிவு வேண்டும்.

இன்னொன்று, மீட்டருக்கும் கணக்குக்கும் உள்ள நிரந்தரச் சண்டை. அமிலமும் உப்பும் தலா 0.1 மோலார் உள்ள அசிட்டேட் பஃபரைச் சரியாகத் தயாரித்து நல்ல மீட்டரில் பார்த்தால் 4.74 காட்டாது, 4.65 வாக்கில் காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. கரைசலில் அயனிகள் நெருக்கமாக இருக்கும்போது ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்வதால் அவற்றின் செயல்திறன் செறிவை விடக் குறைகிறது, மீட்டர் பார்ப்பது அந்தச் செயல்திறனை. தண்ணீர் ஊற்றி நீர்க்க நீர்க்க இந்த நெருக்கம் குறையும், அளவீடு மெல்ல 4.74 பக்கம் ஏறும். பிளஸ் டூ கணக்கில் இதைக் கண்டுகொள்ள வேண்டாம், ஆய்வகத்தில் 0.1 வித்தியாசத்துக்காக யாரையும் திட்டவும் வேண்டாம். ஆனால் 0.3, 0.4 என்று விலகினால் லேபிள், தண்ணீர், மீட்டர் மூன்றையும் இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள். மீட்டரைச் சரிபார்க்கக் கெமிக்கல் கடையில் பிஎச் 4, 7, 9.2க்கான பஃபர் மாத்திரைகள் கிடைக்கும், நமக்கு 4ம் 7ம் போதும். அதைக் கரைக்கவாவது காய்ச்சிவடித்த தண்ணீரை எடுங்கள்.

போட்டுப் பார்க்க மூன்று கணக்கு. விடையைப் பார்க்காமல் மூன்று வரி எழுதிவிட்டு வாருங்கள்.

முதலாவது: 0.4 மோலார் லாக்டிக் அமிலம் 250 மில்லி, அதில் 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 150 மில்லி. பிகேஏ 3.86.

இரண்டாவது: 0.1 மோலார் சோடியம் அசிட்டேட் 60 மில்லி, அதில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி.

மூன்றாவது: 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மில்லி, அதில் 0.12 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி.

முதலாவதில் மிஞ்சுவது அமிலம் 70, உப்பு 30, லாக் 3 − லாக் 7 = −0.37, பிஎச் 3.49. இரண்டாவதில் உப்பு 4, அமிலம் 2, பிஎச் 5.04. மூன்றாவதுக்கு ஹென்டர்சனை எடுத்திருந்தால் மறுபடி மேலே போய்ப் படியுங்கள். அமிலம் 5 மில்லிமோலும் தீர்ந்து காரம் 1 மில்லிமோல் மிஞ்சுகிறது, 100 மில்லியில் அது 0.01 மோலார், பிஎச் 12.